நீர் குடிக்கும் படகு

“அம்மா, என் படகு ஒழுகுது,” என்றார் பூவராகன்.

திலகவதி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்கே ஒழுகுகிறது என்று நிமிராமல் கேட்டார்.

“எல்லா இடத்துலயும்.”

“அப்போ எங்கேன்னு தேட வேண்டாம்,” என்று அடுத்த கொத்தை எடுத்தார்.

திலகவதி அம்மா நடத்தும் மடம் உப்பங்கழியின் வடகரையில் இருந்தது. ஊர் தென்கரையில். பூவராகன் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க மதகும் கரையும்தான். எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார்ப்பார். அடைப்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் பாலம் சுற்றி ஸ்கூட்டரில் மடத்துக்கு வருவார். திலகவதி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். முதலில் அம்மா என்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது. பிறகு, கூப்பிடாமல் இருப்பது கூச்சமாகிவிட்டது.

அன்று அவர் ஒழுகலைப் பற்றி மட்டுமே பேசினார்.

வீட்டுக் கார் கொட்டகையில் அவர் படகு கட்டியிருந்தார். பழைய பாணி மோட்டார் படகு. நீண்ட மூக்கு, வேங்கை மரப் பலகைகள், முகம் தெரியும்படி வார்னிஷ், பின்னால் மாட்டுவதற்கு ஒரு மோட்டார். முன்னால் ஸ்டீரிங் சக்கரம், இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் ஒரே இருக்கை.

அதை எங்கிருந்தோ வரைபடம் வரவழைத்து, ஒவ்வொரு பலகையாக அவரே இழைத்தார். யாரையும் தொட விடவில்லை. மனைவி செங்கமலம் காபி கொண்டுவந்தால் கொட்டகைச் சுவரில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை படகை மோட்டார் இல்லாமல் கழியில் இறக்கிப் பார்த்தார். பலகைச் சந்துகளில் வரைபடம் சொன்னபடி பஞ்சுத் திரிதான் வைத்திருந்தார். இறக்கிய சற்று நேரத்தில் ஒவ்வொரு சந்திலும் வியர்வை போல நீர் துளிர்த்தது. பிறகு கணுக்கால் நனைந்தது.

படகுத் துறையில் நின்ற ஒருவர், சார், இது மேலே போகிற படகா, கீழே போகிற படகா என்று கேட்டார். பூவராகன் டிராக்டர் வைத்துப் படகை வீட்டுக்குத் திரும்ப இழுத்தார்.

“வரைபடத்துல என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டார் திலகவதி அம்மா.

படகைத் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லியிருந்தது. மரம் ஊறி உப்பும், சந்து தானாக மூடிக்கொள்ளும் என்று இருந்தது. அதைச் சொல்லும்போது பூவராகன் லேசாகச் சிரித்தார்.

“நம்பிக்கை இல்லையா?”

“எத்தனை கரை பார்த்திருக்கேன்மா. கசிவு தானா அடைஞ்சு நான் பார்த்ததே இல்லை. ராத்திரி ஊசி நுழையும். விடிஞ்சா ஆள் நுழையும்.”

“சரிதான்.”

“அதனால பஞ்சை எல்லாம் பிடுங்கிட்டு ரெசின் ஊத்தறேன். இடப்பக்கம் முடிஞ்சுது. கல்லு மாதிரி ஆயிடுச்சு. வலப்பக்கம் நாளைக்கு.”

திலகவதி அம்மா அதற்கும் சரிதான் என்றார்.

பூவராகனுக்கு அந்தச் சரி போதவில்லை.

பிறகு, கேட்காமலேயே, மற்றதையும் சொன்னார். மாசி மகம் வருகிறது. ஊர்ச் சாமிகள் எல்லாம் முகத்துவாரத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். செங்கமலம் வருடா வருடம் ஷேர் ஆட்டோவில் தங்கையோடு போவார். இந்த வருடம் படகில் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஒழுகலைப் பார்த்த அன்று செங்கமலம் ஒன்றே ஒன்று சொன்னார். இந்த மாசி மகத்துக்கு உட்காரவில்லை என்றால், அப்புறம் அந்தப் படகில் தான் உட்காரப் போவதில்லை.

“கோபமாச் சொன்னாங்களா?”

“இல்லம்மா. கோபமாச் சொல்லியிருந்தா பரவாயில்லை. ரசத்துக்கு உப்பு போதுமான்னு கேக்கற மாதிரி சொன்னா. அப்படிச் சொன்னா மாத்த மாட்டா.”

“எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்லையோ?”

பூவராகன் யோசித்தார். ஒரு முறை அணைக்கட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்.

“அங்க என்ன காட்டினீங்க?”

“கசிவை.”

திலகவதி அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்குவது கண்ணில் தெரிந்தது.

“அந்த ரெட்டை இருக்கை அவளுக்காகத்தான்மா,” என்றார் பூவராகன். “அதை அவகிட்டச் சொல்லத் தெரியல.”

திலகவதி அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். படகைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நாளைக் காலை பூசைக்குச் சுண்டல் செய்ய வேண்டும், சமையல் பார்க்கும் கோதைக்குக் கை ஒழியவில்லை, இன்று இங்கேயே தங்கிக் கொண்டைக்கடலையை ஊறப்போட முடியுமா என்று கேட்டார்.

பூவராகன் அதற்கு முன் கடலை ஊறப்போட்டதில்லை. ஆனால் பாத்திரத்தின் கொள்ளளவு கணக்கிடத் தெரியும்.

அடுக்களை முழுக்கத் தேடி, கடலைக்குச் சரியாக இருக்கும் ஒரு பீங்கான் ஜாடியை எடுத்தார். கழுத்து குறுகிய ஊறுகாய் ஜாடி. கழுத்துவரை கடலை. அதன் சந்துகளில் நிற்கும்வரை தண்ணீர். எலி வரும் என்று மூடியைத் துணி சுற்றி இறுக்கினார். அதன் மேல் அம்மிக் குழவியை வைத்தார்.

இடம் வீணாகவில்லை. சொட்டும் சிந்தவில்லை. நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கோதையின் குரல் கேட்டு எழுந்தார்.

“கடலை ஊறப்போடச் சொன்னா சார் வெடி வெச்சிருக்காரே.”

ஜாடி பக்கவாட்டில் பிளந்திருந்தது. குழவி அப்படியே மேலே இருந்தது. மூடியும் அசையவில்லை. பிளவின் வழியே கடலை பிதுங்கித் தரையெல்லாம் உருண்டிருந்தது.

ஜாடி தன் கல்யாணத்துக்கு முந்தியது என்றாள் கோதை. படித்த மனுஷர் ஒரு வாளியை எடுக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே பொறுக்கினாள்.

பூவராகனும் குனிந்து பொறுக்கினார்.

திலகவதி அம்மா வந்தார். உடைந்த ஜாடியைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஒரு கடலையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நல்லாக் குடிச்சிருக்கு,” என்றார். “சுண்டல் மெத்துன்னு வரும்.”

அந்தக் கடலையைப் பூவராகனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பூ பறிக்கப் போய்விட்டார்.

பூவராகன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஜாடியின் பிளவைப் பார்த்தார்.

சுண்டலுக்குக் காத்திராமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

கொட்டகையில் படகின் இடப்பக்கம் பளபளவென்று கல்லாகியிருந்தது. அவர் உள்ளே குனிந்து, பலகைகளை அறைந்திருந்த விலாச் சட்டங்களைத் தடவினார். ஒவ்வொன்றும் அவரே நீராவியில் வளைத்தது. தண்ணீரில் இந்தப் பலகைகள் உப்பினால் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தார். சந்துகளில் கல் நிற்க, போக விலாச் சட்டங்களின் பக்கம்தான் இருந்தது; ஜாடி போல அவை பிளக்கும்.

உளியை எடுத்தார்.

ரெசின் ஊற்றுவது எளிது. எடுப்பது பல் பிடுங்குவது போல. பலகை விளிம்பு சிதையாமல் பொடிப்பொடியாக நோண்ட வேண்டும். சில நாளிலேயே மணிக்கட்டு வீங்கியது.

ஒரு மத்தியானம் செங்கமலம் காபியோடு வந்தார். சுவரில் வைத்தார். போகவில்லை.

அவரே ஊற்றியதை அவரே ஏன் நோண்டுகிறார் என்று கேட்டார். பூவராகன் கடலைக் கதையைச் சொன்னார். குழவி அசையாமல் ஜாடி பிளந்ததுவரை சொன்னார்.

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“முப்பது வருஷமா நம்ம வீட்டுல கடலை ஊறலையாங்க?”

“நான் பார்த்ததில்லையே.”

“எட்டிப் பார்த்தாத்தானே.”

செங்கமலம் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். படகின் மறுமுனைக்குப் போய், புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சந்தில் முனையை வைத்தார்.

பூவராகன் வாயைத் திறந்தார். அப்படிப் பிடித்தால் மரத்தில் கீறல் விழும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

காபி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்தார்.

கீறல் விழுந்தது. ஆனால் வேலை இரண்டு முனையிலிருந்தும் நகர்ந்தது. நடு விலாச் சட்டம் ஒன்றின் பக்கத்தில் இருவர் கையும் சந்தித்தபோது சாயங்காலமாகியிருந்தது.

மறுபடி பஞ்சுத் திரி. மறுபடி டிராக்டர். மறுபடி துறை.

மோட்டாரை வீட்டிலேயே வைத்துவிட்டார். படகை இறக்கினார். சந்துகள் துளிர்த்தன. தண்ணீர் ஏறியது. கையில் வாளி இருந்தது. இறைக்காமல் நிற்க அந்த வாளியைக் கரையில் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது.

படகு மெல்லக் குனிந்தது. விளிம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. மரம் என்பதால் அதற்குமேல் அமிழவில்லை. ஒரு கம்பத்தில் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.

ஊர் வேடிக்கை பார்த்தது. நண்டு பிடிக்க வந்தவர்கள் அவரவர் ஆலோசனையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் ஞானசெல்வம் மட்டும் தினமும் ஒரு நடை வந்து பார்த்தார்.

“சார், படகை நட்டு வெச்சிருக்கீங்க. முளைச்சா ஒரு கன்னு எனக்குக் குடுங்க.”

பூவராகன் தலையை ஆட்டினார். டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மடத்துக்குப் போனபோது முகம் வாடியிருந்தது.

“அம்மா, என்னால பார்க்க முடியல. கை துறுதுறுங்குது. எதையாவது எடுத்து அடைச்சுடலாம்னு தோணுது.”

“இப்போ என்ன செய்யறீங்க?”

“சும்மா உட்கார்ந்திருக்கேன். என் சர்வீஸ்ல சும்மா உட்கார்ந்ததே இல்லம்மா.”

“அரசாங்க சர்வீஸ்லயா?”

அடுக்களையிலிருந்து கோதை சிரிக்கும் சத்தம் கேட்டது. பூவராகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கேட்டார்.

“மூடலைன்னா?”

“மூடலைன்னா ஒழுகும்.”

“அப்புறம்?”

“செங்கமலம் ஆட்டோவுல போவாங்க.”

பூவராகன் தலை குனிந்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு மந்திரம், ஒரு ஆசி, மூடும் என்று ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நினைத்து வந்திருந்தார்.

“அது உங்க கையில இல்லை,” என்றார் திலகவதி அம்மா. “போய்ப் பக்கத்துல உட்காருங்க. பார்த்துக்கிட்டே இருக்க வேண்டாம். உட்கார்ந்தாப் போதும்.”

அவர் போய் உட்கார்ந்தார்.

முதலில் படகைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. பிறகு கழியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தண்ணீரோடு இருந்தவர், அது எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்றுதான் பார்த்திருந்தார். அதன் மேல் காலையில் ஒரு நிறமும் வெயில் ஏற ஒரு நிறமும் இருந்தன. சுரபுன்னைக் காட்டிலிருந்து கொக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வற்றம் வந்து நீர் இறங்கியபோது சேறு சின்னச் சின்னதாகக் குமிழி விட்டது.

செங்கமலம் ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். போகும்போது, இந்த இடம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மாசி மகம் வந்தது.

விடிந்ததும் பூவராகன் மோட்டாரையும் வாளியையும் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனார். இறைக்கத் தொடங்கினார். ஞானசெல்வம் கடையை விட்டு வந்து இன்னொரு வாளியால் இறைத்தார். முளைத்திருக்கிறதா பார்க்கலாம் என்றார்.

படகு ஒவ்வொரு விரற்கடையாக எழுந்தது. கடைசித் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தார்கள்.

பூவராகன் மண்டியிட்டு அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தார். சந்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகையும் பலகையும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. காத்திருந்தார். கை ஈரமாக இருந்தது. அது பழைய ஈரம். புதிதாக ஒன்றும் வரவில்லை.

“நின்னுடுச்சு சார்,” என்றார் ஞானசெல்வம். அதில் கேலி இல்லை.

பூவராகன் கையை எடுக்கவில்லை.

செங்கமலம் துறைக்கு வந்தார். அரக்குப் பட்டுப் புடவை, தலையில் கதம்பம், கையில் புளியோதரைத் தூக்கு.

“இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துட்டுப் போகலாமா?” என்றார் பூவராகன்.

“நகருங்க.”

“இருக்கை ஊறிக் கிடக்கு. பட்டு நனையும்.”

“நனையட்டும்.”

செங்கமலம் விளிம்பைப் பிடித்து ஏறினார். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முன்னிருக்கையில், இடப்பக்கமாக, வலப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

பூவராகன் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, கசியுதா?”

“இல்லை.”

மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

முகத்துவாரத்தில் சாமிகள் வரிசையாக வந்து நின்றன. மேளமும் வெயிலும் உப்புக்காற்றும். செங்கமலத்தின் தங்கை கரையிலிருந்து இவர்களைப் பார்த்து, கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டினாள். தீர்த்தவாரி முடிந்து, புளியோதரையும் முடிந்து, மத்தியானம் மடத்துப் படிக்கட்டில் வந்து நிறுத்தினார்கள்.

திலகவதி அம்மா படி இறங்கி வந்தார். செங்கமலத்தின் நனைந்த புடவையைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார்.

பூவராகன் கயிற்றைக் கையில் பிடித்தபடி படியில் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் அவர் குரல் இப்படி இருந்ததில்லை.

“ஒரு சொட்டு இல்லம்மா. உள்ளே வந்து கையை வெச்சுப் பாருங்க. இனிமே பத்திரமாப் பார்த்துக்கணும். இன்னைக்கே டிராக்டருக்குச் சொல்லியிருக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோய், கொட்டகையில ஏத்தி, தார்ப்பாய் போட்டு, அடுத்த மாசி மகம் வரைக்கும் நல்லாக் காயவெச்சு…”

அந்தச் சொல்லில் நாக்கு நின்றது. காய்ந்தால் மரம் சுருங்கும், சந்து மறுபடி திறக்கும்.

திலகவதி அம்மா அவரைப் பார்க்கவில்லை. செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு எங்கே போகப் போறீங்க?”

அப்படி ஒரு கேள்வியை யாரும் செங்கமலத்திடம் கேட்டதில்லை. என்றாலும் பதில் எங்கோ தயாராக இருந்தது போலிருந்தது.

“நாளைக்கு மீன் துறைக்கு,” என்று சொல்லிவிட்டு, நிற்பது மடம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“போய் வாங்குங்க. மறுநாள்?”

“மறுநாள் தங்கச்சி வீட்டுக்கு. அவளுக்கு ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டணும். வெள்ளிக்கிழமை இங்கே. இவர் தனியா ஸ்கூட்டர்ல வர வேண்டாம்.”

“அப்புறம்?”

செங்கமலம் கழியின் மறுபக்கம் பார்த்தார்.

“அப்புறம் அந்தச் சுரபுன்னைக் காட்டுக்குள்ள. ஒரு வேலையும் இல்லம்மா. சும்மா பார்க்கத்தான். ஒரு நாள்ல பார்த்து முடியாது.”

பூவராகன் கயிற்றைப் படித்துறைக் கல்லில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

பிறகு படகுக்குள் எட்டி, மோட்டார் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“பெட்ரோல் பத்தாது,” என்றார்.